உங்களுக்குத் தெரியுமா? சூளைப் புகைக்கும் சட்டம் உண்டு

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லின் விலையைக் கேட்கிறார்கள். அது வெந்த சூளையைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, செங்கல் சூளைப் புகையில் ஒரு கனமீட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் தூசு இருக்கக் கூடாது. பழைய டயர், பிளாஸ்டிக், பெட்கோக் (பெட்ரோலியக் கரி) எரிக்கத் தடை. குடியிருப்புக்கும் பழத்தோட்டத்துக்கும் 800 மீட்டர் தள்ளியே சூளை அமைய வேண்டும். மா விளையும் தருமபுரி மாவட்டத்துக்கு இது மிக முக்கியமான விதி.

கரும்புகைக்குப் பெரிய காரணம், விறகையோ நிலக்கரியையோ மொத்தமாக அள்ளிப் போடுவதுதான். போதிய காற்று கிடைக்காமல் பாதி எரிந்த கரி புகையாக வெளியேறுகிறது. இதற்கு மாற்றுதான் 'ஜிக்-ஜாக்' சூளை. அதில் பச்சைக்கல்லை (சுடாத செங்கல்லை) அடுக்கும்போதே சூடான காற்று வளைந்து வளைந்து போகும்படி வழி விடுவார்கள். காற்று அதிக தூரம் சுற்றிவருவதால் கல்லில் சூடு நன்றாக ஏறும். நிலக்கரியைத் தூளாக்கி, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக இடைவிடாமல் போட வேண்டும். எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் அடுக்குவதில் பிசகினால் பலன் கிடைக்காது. ஆகவே சூளை முதலாளிகள் முதலில் செலவழிக்க வேண்டியது தொழிலாளர் பயிற்சிக்குத்தான்.

விதி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. இந்த அறிவிக்கைக்கு முன்பே, கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. உங்கள் ஊர்ச் சூளையில் டயர் எரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.