தூண்மலைகளைக் காணச் செல்வோர்க்கு

குறுகிய காலத்துள் ஒரு மலைப் பிரதேசத்தைக் கண்டு வருவது எளிய காரியமன்று. நகரம் ஒன்றைக் காணச் செல்பவர் மழை பிடித்துக்கொண்டால் ஓர் அரும்பொருட் காட்சிச்சாலைக்குள் நுழைந்து பொழுதைப் பயனுறக் கழிக்கலாம். மலையைக் காணச் செல்பவரோ மலையின் விருப்பத்துக்கு உட்பட்டவர். மூடுபனி விலகினால் காட்சி உண்டு. விலகாவிடின் வெண்டிரை ஒன்றே எஞ்சும். பல மாதங்கள் சேமித்த பணத்தையும், அரிதிற் கிடைத்த நாலைந்து நாள் விடுமுறையையும் செலவிட்டுத் தொலைதூரம் சென்று, வரிசையில் நின்ற நினைவோடும் பனியைப் பார்த்த நினைவோடும் மட்டும் வீடு திரும்புவோர் உளர். இந்த ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்கு வேண்டுவது அதிக பணமன்று, முன்யோசனையே. சீன தேசத்தின் ஹூனான் மாகாணத்தில் அமைந்துள்ள ஜாங்ஜியாஜியே மலைப் பூங்கா இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மலை என்றதும் அகன்ற அடியும் கூரிய முடியும் கொண்ட ஓர் உருவமே மனக்கண்முன் தோன்றும். ஜாங்ஜியாஜியேயில் காணப்படுவது அத்தகைய மலையன்று. அங்கே கற்றூண்கள் காடுபோல் நிற்கின்றன. அடியும் முடியும் ஏறக்குறைய ஒரே பருமன்; பக்கங்கள் நிறுத்தி வைத்த சுவர்கள் போலச் செங்குத்தானவை; உச்சியிலும் பாறை வெடிப்புகளிலும் தேவதாரு இனத்து மரங்கள் வேரூன்றி நிற்கும். இத்தகைய தூண்களும் சிகரங்களும் அங்கே 3,000க்கு மேல் உள்ளன. அவற்றுட் பல 200 மீற்றருக்கும் அதிகமான உயரமுடையவை. இரு மலைகளுக்கிடையே இயற்கையே அமைத்த கற்பாலங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று 40 மீற்றர் நீளமுடையதாய், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 357 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது.

இவ்வதிசயம் எவ்வாறு உண்டாயிற்று? ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்பிரதேசம் ஒரு கடலின் கரையோரமாக இருந்தது என்று புவிச்சரிதவியலார் கூறுகின்றனர். அங்கே படிந்த மணல் படைமேற் படையாக அடுக்கப்பெற்று, இறுகிப் படிக மணற்கல்லாயிற்று. பின்னர் நிலம் மேலே உயர்ந்தபோது, அப்பாறைப் படைகள் பெரிதும் சாயாமல் கிடையாகவே உயர்ந்தன. ஆனால் அவற்றில் மேலிருந்து கீழாக நேரான வெடிப்புகள் விழுந்தன. மழைநீர் அவ்வெடிப்புகளுள் இறங்கியது. குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து பிளவுகளைப் பெரிதாக்கியது. மரவேர்கள் நுழைந்து மேலும் பிளந்தன. ஓடைகள் உதிர்ந்த மணலை வாரிச் சென்றன. முழுப் பலகாரத்தைக் கத்தியால் நெடுக்கும் குறுக்குமாக வெட்டி, இடையிடையே சில துண்டுகளை எடுத்துவிட்டால் எஞ்சியவை எவ்வாறு தனித்தனியே நிற்குமோ, அவ்வாறே இத்தூண்களும் நிற்கின்றன. இன்றும் நீர் தன் வேலையை நிறுத்தவில்லை.

இத்தகைய இடம் நெடுங்காலம் வெளியுலகின் கண்ணிற் படாமலே இருந்தது. துஜியா, மியாவ், பாய் முதலிய சிறுபான்மை இன மக்கள் வாழும் அம்மலைநாட்டிற்குச் சீரான பாதைகள் இல்லாமையே அதற்குக் காரணம். 1979ஆம் ஆண்டில் சீனாவின் புகழ்பெற்ற ஓவியர் வூ குவான்ஜோங் அங்கு சென்று தாம் கண்டதைத் தீட்டியும் எழுதியும் வெளியிட்ட பின்னரே அதன் பெயர் பரவலாயிற்று. 1982இல் சீனாவின் முதலாவது தேசிய வனப் பூங்கா அங்கே நிறுவப்பட்டது. 1992இல் அவ்வனத்தையும் சூழவுள்ள மலைகளையும் உள்ளடக்கிய வூலிங்யுவான் பிரதேசம் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டது. 1994இல் அருகிலிருந்த தாயோங் நகரம் தன் பழம்பெயரைக் கைவிட்டு, ஜாங்ஜியாஜியே என்ற பூங்காவின் பெயரையே சூடிக்கொண்டது. 2009இல் வெளிவந்த அவதார் என்ற திரைப்படம் அந்தரத்தில் மிதக்கும் மலைகளைக் காட்டிற்று. அடுத்த ஆண்டிலேயே அங்குள்ள தூண் ஒன்றுக்கு அப்படத்தையொட்டிப் புதுப்பெயர் இட்டனர்.

பெயர் மாற்றத்தால் விளைந்த குழப்பத்தையே பிரயாணி முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஜாங்ஜியாஜியே என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு இடங்கள் விளம்பரஞ் செய்யப்படுகின்றன. முதலாவது, மேற்கூறிய தூண்கள் நிற்கும் வூலிங்யுவான் பூங்கா. இது நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. இரண்டாவது, நகரத்தின் தெற்கே உயர்ந்து நிற்கும் தியான்மென் மலை. மூன்றாவது, பூங்காவுக்குக் கிழக்கே வேறொரு திசையிலுள்ள பெரும் பள்ளத்தாக்கும் அதன் மேலுள்ள கண்ணாடிப் பாலமும். இம்மூன்றுக்கும் வாயில் வேறு, சீட்டு வேறு, பாதை வேறு. மூன்றும் அடுத்தடுத்து இருப்பதாக எண்ணி, ஒரே நாளில் இரண்டைக் காணத் திட்டமிடுவோர் அந்நாளின் பெரும்பகுதியைப் பஸ் வண்டியிலேயே கழிக்க நேரிடும்.

தியான்மென் என்பதற்கு வானவாசல் என்பது பொருள். 1,518 மீற்றர் உயரமான அம்மலை மணற்கல்லாலானதன்று, சுண்ணாம்புக்கல்லாலானது. சுண்ணாம்புக்கல் நீரிற் கரையும் இயல்புடையதாகலின் அங்கே தூண்களுக்குப் பதிலாகக் குகைகளும் துவாரங்களும் தோன்றின. மலையை ஊடறுத்து 131 மீற்றர் உயரத்திற்குத் திறந்து நிற்கும் மாபெரும் வாயிலே அதன் சிறப்பு. அவ்வாயிலூடாக 1999ஆம் ஆண்டில் சிறு விமானங்கள் பறந்து சாகசங் காட்டின. நகரத்தின் நடுவிலிருந்து மலையுச்சி வரை 7,455 மீற்றர் நீளமான கேபிள் கார் செல்கின்றது. மலைப்பாதையோ 99 வளைவுகள் கொண்டது. பாதை முடிந்த இடத்திலிருந்து வாயிலை அடைய 999 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலியுடையோர்க்கு இயங்கும் படிக்கட்டும் உண்டு. இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குதல் நன்று.

கண்ணாடிப் பாலத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினாற் போதும். 430 மீற்றர் நீளமாய், ஏறக்குறைய 300 மீற்றர் ஆழமான பள்ளத்தாக்கின்மேல் அமைந்த அப்பாலம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. இரு வாரம் முடியுமுன்னரே, கூட்டத்தைத் தாங்க இயலாமையால் தற்காலிகமாக மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. பொறியியற் சிறப்புடைய வேலைதான். எனினும் நாட்கள் மூன்றே உள்ளவர் எதையேனும் விட வேண்டுமானால் முதலில் விடத்தக்கது இதுவே. மனிதன் அமைத்த பாலங்களைப் பிற நாடுகளிலும் காணலாம். அத்தூண்களை அவ்வாறு காண்பது அரிது.

அடுத்ததாகக் கருத வேண்டுவது பருவகாலம். அப்பிரதேசம் மழை மிகுந்தது. கோடையில் வெப்பமும் கனமழையும் சேர்ந்து வரும். மாரியில் படிகள் பனிக்கட்டியால் வழுக்கும். வசந்த காலத்தின் நடுப்பகுதியும் அக்டோபரின் பிற்பகுதியும் மிதமானவை. அக்டோபர் முதல் வாரம், மே மாதத் தொடக்கம், சீனப் புத்தாண்டு ஆகியவை அந்நாட்டவர்க்கு நீண்ட விடுமுறைக் காலங்கள். அந்நாட்களில் அங்கு செல்வது கோவில் தேரோட்டத்தில் வடத்தருகே நின்றுகொண்டு கோபுரச் சிற்பத்தை ஆராய முயல்வதற்கு ஒப்பாகும்.

நல்ல பருவத்திலும் மூடுபனி வரும். ஆனால் பனி முற்றிலும் பகையன்று. மழை ஓய்ந்தபின் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பித் தூண்களின் இடைவரை நிரம்புங்கால், அவை வெண்கடலில் நிற்கும் தீவுகளாகத் தோற்றும். ஓவியர்கள் தேடிச் சென்ற காட்சி அதுவே. ஆகவே எந்த நாளில் எந்த இடம் என்று ஊரிலிருந்தே உறுதி செய்துவிடாமல், நாட்களை இடம் மாற்றிக்கொள்ளத்தக்கவாறு வைத்துக்கொள்வதே சிறந்த திட்டமாகும்.

மூன்று முழு நாட்கள் உள்ளன என்று கொள்வோம். இரண்டு நாட்களைப் பூங்காவிற்கும் ஒரு நாளைத் தியான்மென் மலைக்கும் ஒதுக்கலாம். பூங்காவின் சீட்டு ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களுக்குச் செல்லுபடியாகும். உள்ளே ஓடும் பஸ் வண்டிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏற்றிச் செல்லும். பூங்காவின் இடங்களை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம். மேலே யுவான்ஜியாஜியே, தியான்ஸி மலை ஆகிய காட்சி மேடைகள் உள்ளன. வானம் தெளிந்த வேளை இவற்றுக்கு உரியது. கீழே பொற்சாட்டை ஓடை என்னும் நீரோடை தூண்களின் அடியில் வளைந்து வளைந்து செல்கின்றது. அதன் கரையிலுள்ள நடைபாதை பெரும்பாலும் சமதளமானது. மேலே பனி மூடியிருக்கும் நேரத்திலும் ஓடையோரம் நடப்பது இன்பந் தரும். காலையில் வானத்தைப் பார்த்து, மேலா கீழா என்று தீர்மானிப்பவருக்கு ஒரு நாளும் வீணாகாது. ஓடையருகே குரங்குகள் உண்டு. கையில் உணவுப் பொட்டலம் காணின் அவை தயங்காமற் பறித்துக்கொள்ளும்.

பூங்காவைக் காணும் நாட்களில் வூலிங்யுவான் வாயிலருகேயுள்ள சிறு நகரிலும், தியான்மென் மலைக்குச் செல்லும் நாளில் ஜாங்ஜியாஜியே நகரிலும் தங்குவது அலைச்சலைக் குறைக்கும். மாகாணத்தின் தலைநகரான சாங்ஷாவிலிருந்து அதிவேகப் புகையிரதம் செல்கின்றது. நகரிலேயே விமான நிலையமும் உண்டு. தியான்மென் மலைக்கு நாளும் நேரமும் குறித்து முன்னரே சீட்டுப் பெற வேண்டியிருக்கும். அதற்குக் கடவுச்சீட்டின் இலக்கம் தேவை. எனவே அந்த ஒரு நாளை மட்டும், அண்மை நாட்களின் வானிலைக் கணிப்பைப் பார்த்தபின் குறித்துக்கொள்ளலாம். பணம் செலுத்துவது அங்கே பெரும்பாலும் கைத்தொலைபேசி மூலமாகவே நடைபெறுவதால், அதற்கான ஆயத்தத்தைப் புறப்படுமுன் செய்துகொள்ளுதல் வேண்டும். வெப்ப நாட்டிலிருந்து செல்வோர்க்கு மழையங்கியும் வழுக்காத காலணியும் மெல்லிய கம்பளிச் சட்டையும் அவசியம்.

முதியோரை அழைத்துச் செல்லலாமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அழைத்துச் செல்லலாம். செங்குத்தான பாறையோடு ஒட்டி 326 மீற்றர் உயரத்துக்கு அமைக்கப்பட்ட பாய்லோங் மின்னுயர்த்தி ஓரிரு நிமிடத்துள் அவர்களை மேலே சேர்த்துவிடும். 2002இல் இயங்கத் தொடங்கிய அவ்வியந்திரம் பெரும் விவாதத்தையும் எழுப்பியது. இயற்கை அழகுக்காகக் காக்கப்படும் மலையில் உருக்குக் கோபுரம் எழுப்புவது தகுமா என்பது ஒரு சாரார் கேள்வி. நடக்க இயலாதவர் அம்மலையைக் காணவே கூடாதா என்பது மற்றொரு சாராரின் கேள்வி. அதற்கு முன்பே, 1998இல், தங்கு விடுதிகள் பெருகிப் பூங்காவை நெருக்குகின்றன என்று ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனத்தின் சார்பில் எச்சரிக்கை எழுந்தது. அதன் பயனாகப் பூங்காவினுள்ளிருந்த கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. இரவில் தங்குவோர் இன்று பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே தங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விவாதத்தில் பிரயாணிக்கும் ஒரு பங்கு உண்டு. காண வருவோரின் கூட்டமே காணப்படும் பொருளுக்குச் சுமையாகின்றது. விடுமுறை நெரிசலைத் தவிர்த்துச் செல்பவர் தமக்கு நன்மை செய்வதோடு மலைக்கும் நன்மை செய்கின்றார். இயன்றவர் நடந்து இறங்கினால், இயலாதவர்க்கு மின்னுயர்த்தியில் இடம் கிடைக்கும். ஆறு இடங்களை ஓடியோடிப் பார்த்தவரைவிட, இரண்டு இடங்களில் அமர்ந்து பனி விலகும் வரை காத்திருந்தவரே அம்மலையை உண்மையில் கண்டவராவர். 38 கோடி ஆண்டுகளாக உருவாகிய காட்சியின்முன் அரைமணி நேரம் பொறுத்திருப்பதற்கு இடமளிக்கும் திட்டமே நல்ல பிரயாணத் திட்டமாகும்.