சாம்பார் சாதம் நாய்க்கு இயற்கை உணவா?

வேளாண் பக்கத்தில் நாய்க்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்கும் உழவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால், எழுதத் தூண்டியது அபிராமபுரத்தில் என் அத்தை வீட்டில் வளரும் லாப்ரடார்.

“கடைத் தீனியே வாங்கறதில்லைப்பா. நாங்க சாப்பிடறதுதான் அதுக்கும். எல்லாம் இயற்கை” என்றார் அத்தை பெருமையாக. மதியம் சாம்பார் சாதம், இரவு தயிர் சாதம். நாயோ பருத்துப்போய், முதுகில் முடி கொட்டி, காதுமடலுக்குள் உண்ணிகளோடு படுத்திருந்தது.

நான் உழவியல் படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனாலும் யூரியாவை மட்டும் போட்டு வளர்த்த பயிரைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அந்த நாயும் அப்படித்தான் இருந்தது.

சோறு நாய்க்கு எதிரி அல்ல. மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு ஓநாயைவிடக் கூடியிருப்பதை 2013-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சிக்கல் சோற்றின் மேல் ஊற்றுவதில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரியும். அதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். புளி தின்ற நாய்களிடமும் அதே பாதிப்பைக் கண்டிருக்கிறார்கள். நம் புளியின் சதையில் இந்த அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை உண்டு.

சாம்பாரில் கரைந்திருக்கும் புளி குறைவுதான். ஒரு வேளை நக்கிவிட்டதற்குப் பதற வேண்டாம். ஆனால், தினமும் ஊற்றாதீர்கள். புளிக்காய்ச்சல் பாத்திரத்தையும் பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சையையும் சாக்லேட்டையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிறகு என்னதான் கொடுப்பது? தட்டில் பாதியளவு கோழிக்கறி, மீன் அல்லது முட்டை. மீதி சோறும், வேகவைத்த பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் போன்றவையும். உப்பும் காரமும் வேண்டாம். பட்டினப்பாக்கம் லூப் சாலையில் கிடைக்கும் மத்தி மீனைக் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்தால் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வெந்த கோழி எலும்பு மட்டும் கூடவே கூடாது. அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். அசைவம் சேராத வீடுகளில் பனீர், தயிர், நன்கு வெந்த பருப்பு என்று ஈடுகட்டலாம். முட்டைக்கு மட்டுமாவது அனுமதி கொடுத்தால் நல்லது.

எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கறியை மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ உணவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் போதும். அதில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின்கள் போன்றவை வீட்டு உணவில் குறையலாம் என்பதால் பட்டியலை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

உண்ணிக்கு வருவோம். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. படுக்கையை வெந்நீரில் துவைத்து, விரிசல்களைப் பூச வேண்டும். சென்னை வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். அது பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உயிரையே எடுக்கலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியைக் கரைத்து நாய்க்கு ஊற்றுபவர்களைக் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அந்த மருந்து தோல் வழியாகவும் நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போகும்.

வேப்பிலை, மஞ்சள் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால், அவை தடுப்பூசிக்கு ஈடாகாது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வார இடைவெளியில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலக்கும் என்பதால், எலிக் காய்ச்சல் ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. குடற்புழு நீக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாநகராட்சி உரிமம் வாங்கவும் வெறிநோய் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

அத்தையிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். குட்டியில் போட்டதோடு சரி. மறுநாள் காலையே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.