கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது?

தாதியர் கைகள் – 9

சென்ற வாரம் மோர்ஃபின் பற்றிப் பார்த்தோம். வலியில் துடிக்கிறவரால் பிரார்த்திக்க முடியாது. பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட நிதானமாகப் பார்க்க முடியாது. வேளை தவறாத வலிமருந்துதான் ஆன்மிகப் பராமரிப்பின் முதல் படி. வலி அடங்கியபின் அவருக்கு என்ன வேண்டும்?

புத்தளம் கரையோரத்தில் அதற்கு ஒரே விடை கிடையாது. கற்பிட்டி முஸ்லிம்கள், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறிய முஸ்லிம்கள், உடப்பு இந்து மீனவர்கள், சிலாபம், வென்னப்புவக் கத்தோலிக்கர், பௌத்தர் என எல்லோரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள். இரவுக் கடமையில் இருக்கும் தாதிக்கு இத்தனை பேரின் வழக்கமும் தெரிந்திருக்காது. சிலருடைய மொழிகூட வராது.

முஸ்லிம் முதியவர் ஒருவருக்குச் சக்கராத்து, அதாவது உயிர் பிரியும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். மகன் சம்சம் புனித நீர்ப் போத்தலோடு நிற்கிறார். “மிஸ், வாப்பாட வாயில கொஞ்சம் ஊத்தவா?” விழுங்கும் சக்தி போனவருக்கு ஊற்றினால் புரையேறி மூச்சு முட்டும். “கூடாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம்; அந்த மகனுக்கு அது ஆயுளுக்கும் ஆறாது. விஷயம் தெரிந்த தாதி, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, பஞ்சை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மகன் கையிலேயே கொடுப்பார். காய்ந்த உதட்டையும் நாக்கையும் அவரே ஈரப்படுத்தட்டும். வாயைச் சுத்தமாக, ஈரமாக வைத்திருப்பது தாதியின் அன்றாட வேலை. இங்கே அதுவே மகனின் கடமையும் ஆகிறது. உடப்பிலிருந்து பாட்டிக்குப் பால் வார்க்க வரும் பேரனுக்கும் இதே வழிதான்.

மக்காவின் திசையான கிப்லாவை நோக்கித் திருப்பச் சொல்கிறார்களா? இலங்கையிலிருந்து மக்கா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. இந்தக் கரையில் அது கடற்பக்கம். புத்தளம் நகரில் களப்புப் பக்கம். இவ்வளவு தெரிந்தால் எந்த மதத்துத் தாதியும் கட்டிலைத் திருப்பிவிடலாம்.

கத்தோலிக்கருக்கு நேரம் முக்கியம். நினைவு தப்புமுன் சுவாமியை அழைத்தால்தான் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்யவும் நன்மை எனும் நற்கருணை வாங்கவும் முடியும். துட்டகைமுனு மன்னன் மரணப்படுக்கையில் தன் புண்ணியச் செயல்களின் ஏட்டை வாசிக்கக் கேட்டதாக மகாவம்சம் சொல்கிறது. பௌத்த முதியவரின் பிள்ளைகளிடம், “அப்பா செய்த நல்லதையெல்லாம் காதருகே சொல்லுங்கள்” என்று தாதி தயங்காமல் சொல்லலாம். நினைவிழந்தவரிடமும் பேசலாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மரணத்துக்குச் சில மணி நேரமே இருந்த, அசைவற்ற நோயாளிகள் சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியது.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சோண்டர்ஸ், முதலில் தாதியாகப் பயிற்சி பெற்றவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் வேதனைகள் பின்னிப் பிணைந்தவை என்றார். இலங்கை அதைக் கண்ணால் கண்டது. கொவிட்டில் இறந்தோரைத் தகனமே செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த உத்தரவு 2021 பெப்ரவரியில்தான் நீங்கியது. ‘என் மையித்தை, என் உடலை, எரித்துவிடுவார்களோ’ என்ற முஸ்லிம் நோயாளியின் பயத்துக்கு எந்த மருந்தும் கிடையாது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்தப் பயத்தோடு கண்மூடியவர்களை அது எட்டவில்லை.

குணப்படுத்த முடியாத நோயாளி விடுதிக்கு வந்த அன்றே மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: எந்த மொழியில் பேசினால் ஆறுதல்? யாரை அழைக்க வேண்டும்? கடைசி நேரத்தில் எது நடக்க வேண்டும், எது நடக்கக் கூடாது? விடைகளைக் கட்டில் டிக்கட்டில் மருந்துகளோடு சேர்த்து எழுதிவிட்டால், எந்த இரவில் எந்தத் தாதி கடமையில் இருந்தாலும் அந்த மனிதர் தன் வழக்கப்படி விடைபெறலாம். அதிர்ஷ்டவசமாக நல்ல தாதி வாய்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இது இருக்கக் கூடாது.

(அடுத்த வாரம்: இத்தனை மரணங்களைப் பார்த்த தாதி யாரிடம் அழுவது?)