குடிசை கட்டியவன் குற்றவாளியா?

எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்பார்கள் நம் நாட்டுப் பெரியவர்கள். பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளிக்கு இந்தப் பழமொழியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் துணி நெய்கிறான். தனக்கென்று ஒரு கூரை வேண்டுமென்று ஏங்குகிறான். வாடகை ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை. ஆகவே சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, வெப்படைப் பக்கமோ காடச்சநல்லூர்ப் பக்கமோ இரண்டு சென்ட் நிலம் தேடுகிறான். மனைவி மண் சுமக்க, மைத்துனன் கலவை குழைக்க, விடுமுறை நாள்தோறும் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, சிமெண்ட் அட்டையைப் போர்த்துகிறான். வீடு எழும்புகிறது.

அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பாராத சட்டம் அப்போதுதான் வந்து நிற்கிறது. "வரைபடம் எங்கே? அனுமதி எங்கே? பட்டா எங்கே?" என்று கேட்கிறது. அவன் விழிக்கிறான். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளிலே 'அனுமதியற்ற கட்டடம்' என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

நாம் கேட்கிறோம்: இவன் குற்றவாளியா?

அனுமதியே வேண்டாம், விதியே வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. விதி இல்லாவிட்டால் முதலில் சாகிறவன் ஏழைதான். 2019 டிசம்பர் 2ஆம் நாள் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரிலே நடந்ததை மறக்க முடியுமா? ஏறத்தாழ இருபது அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த கருங்கல் சுற்றுச்சுவர், மழையிலே சரிந்து, ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின் மீது விழுந்தது. உறங்கிக் கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவேயில்லை. அந்தச் சுவரைக் கட்டியபோதே ஒரு பொறியாளர் வந்து பார்த்துத் தடுத்திருந்தால் அந்த 17 உயிர்களும் பிழைத்திருக்கும். விதி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், தாளிலே தரும் அனுமதி மட்டும் உயிரைக் காத்துவிடுமா? 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்திலே சரிந்து 61 பேரைப் பலி கொண்ட 11 மாடிக் கட்டடம், முறைப்படி அனுமதி பெற்ற கட்டடம்! முத்திரை இருந்தது, வரைபடம் இருந்தது, கட்டடம் நிற்கவில்லை. ஆகவே காப்பது தாளல்ல. இடத்தை நேரிலே பார்க்கும் கண்ணும், கட்டுகிறவனுக்குச் சொல்லும் அறிவுரையும்தான்.

தறிக்காரன் வீட்டுக்கு அந்த அறிவுரை இரண்டு மடங்கு தேவை. அவன் வீடு வெறும் வீடல்ல. பல இடங்களிலே அதுவே பட்டறை. தறி ஓடினால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் சுவர் விரிசல் விடும். கடைக்கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும், தறிக்கு அடியிலே தளம் எப்படி அமைய வேண்டும் என்று அவனுக்குச் சொல்கிறவர் யார்? மேஸ்திரி சொன்னதுதான் வேதம். பணம் தீர்ந்தால் அந்த மேஸ்திரியும் இல்லை.

இப்போது நீதியின் தராசைச் சற்றே பார்ப்போம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தை மீறிச் சென்னை மாநகரிலே மாடி மேல் மாடியாக வணிக மாளிகைகள் எழுந்தன. அவற்றுக்கு என்ன நேர்ந்தது? 1998ஆம் ஆண்டு சட்டத்திலே 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்து கொள்ளலாம் என்று கதவு திறக்கப்பட்டது. ஒரே ஒரு முறை தரும் சலுகை என்ற அளவிலே உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டு அதை ஏற்றுக் கொண்டது. கோடி போட்டுக் கட்டியவன் மீறினால் அதற்குப் பெயர் 'விதிவிலக்கு'. கூலி போட்டுக் கட்டியவன் மீறினால் அதற்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. தெரிந்தே மீறியவன் கட்டணம் கட்டித் தப்பினான். தெரியாமல் மீறியவனோ கட்டணம் கட்டவும் வழியின்றி நிற்கிறான்!

மனை விற்றவன் கதையையும் சொல்ல வேண்டும். விளைநிலத்தைக் கூறு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டார்கள். அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரிலே தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப் பிரிவுகளை வரன்முறை செய்ய 2017ஆம் ஆண்டு விதிகள் வந்தன. விதி வந்தது நல்லதே. ஆயினும், பிரிவு போட்டவன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போனதால் அலைய நேர்ந்தவன் யார்? இரண்டு சென்ட் வாங்கியவன்!

நம் மண்ணின் பழைய வழக்கம் வேறு. ஊர் என்று ஒன்று அமைந்தபோதே, குடியிருக்க நத்தம் என்று ஓரிடத்தை ஒதுக்கி வைத்தனர் நம் முன்னோர். ஆங்கிலேயர் இயற்றிய 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்கூட, ஒருவருக்கு உரிய வீட்டு மனையையும் புழக்கடையையும் அரசுச் சொத்திலிருந்து விலக்கி வைத்தது. கிராம நத்தம் அரசின் உடைமையல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல தீர்ப்புகளிலே கூறியிருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் பிறந்த அதே 1971ஆம் ஆண்டிலே இன்னொரு சட்டமும் பிறந்தது. பண்ணையாரின் நிலத்திலே குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கிய சட்டம் அது. "இங்கே வாழ்கிறான், ஆகவே இந்த மனை இவனுக்கு" என்று சொல்ல ஒரு காலத்திலே சட்டத்துக்குத் துணிவு இருந்தது.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலே, ஒரே இரவிலே வீடு கட்டி விடியுமுன் புகைபோக்கியிலே புகை வந்துவிட்டால் அந்த வீடு கட்டியவனுக்கே சொந்தம் என்று மக்கள் நம்பி வந்தார்கள். துருக்கியிலே அத்தகைய வீட்டுக்கு 'இரவிலே வைத்தது' என்றே பெயர். அதே வேல்ஸ் பகுதியிலே ஓர் இளந்தம்பதி வைக்கோலும் மரமும் மண்ணும் கொண்டு அனுமதியின்றிக் கட்டிய வட்ட வீட்டை இடிக்க ஆணை பிறந்தது. அவர்கள் போராடினார்கள், 2015ஆம் ஆண்டு அனுமதியும் பெற்றார்கள். நிலத்தை நம்பி எளிமையாக வாழ்வோருக்கென்று 2010ஆம் ஆண்டிலேயே அங்கு வகுக்கப்பட்டிருந்த தனிக்கொள்கை அவர்களுக்குக் கைகொடுத்தது. இடிப்பதற்கு மாற்று வழி உண்டென்பதற்கு இது சான்று.

நம் மாநிலத்திலும் வழி திறந்திருக்கிறது. 2024 ஜூலை 22ஆம் நாள் சுயசான்று முறை தொடங்கி வைக்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையிலே, 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுவோர், இணையத்திலே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். வரவேற்கிறோம். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது; 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அதையும் வரவேற்கிறோம். ஆனால், இரண்டுக்கும் அடிப்படை என்ன? கையிலே பட்டா! பட்டா உள்ளவனுக்குக் கதவு திறக்கிறது. பட்டா இல்லாதவன் அதே இடத்திலே நிற்கிறான். அவன்தானே அனுமதியின்றிக் கட்டுகிறான்?

இனி, காவிரிக்கரைக்கு வருவோம். 2018லும் 2022லும் ஆகஸ்டு மாதத்திலே மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் பெருக்கெடுத்தபோது, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் முகாம்களிலே தங்கினார்கள். ஆற்றுக்கு அனுமதிச் சீட்டு தெரியாது. அங்கே வீடு இருக்கட்டும் என்று சொல்வது இரக்கமாகாது.

முன்னறிவிப்பின்றி இடிக்கக் கூடாது, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13ஆம் நாள் தீர்ப்பளித்தது. சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆகவே கரையோரத்து ஏழைக்கு வெள்ளமும் பகை, சட்டமும் துணையில்லை. அவனைக் காக்க ஒரே வழி, மாற்று மனை. அந்த மனை எங்கே இருக்க வேண்டும்? சென்னைக் கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் இழந்து பட்ட பாடு போதாதா? தறிச் சத்தம் கேட்கும் தொலைவிலே மனை வேண்டும். காலை ஷிப்டுக்கு நடந்து போகும் தூரத்திலே வேண்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. நத்தத்திலே காலங்காலமாகக் குடியிருப்போருக்கு ஊருக்கே வந்து பட்டா கொடுங்கள். ஊராட்சி ஒன்றியந்தோறும் ஒரு பொறியாளர், கடைக்கால் தோண்டும் முன்பே மனைக்குச் சென்று பார்க்கட்டும். வரைபடத்தைக் கட்டணமின்றிப் போட்டுத் தரட்டும். இடம் ஆபத்தானது என்றால் அன்றே சொல்லட்டும். மாற்று மனையையும் அன்றே காட்டட்டும். கூரை போட்ட பிறகு வந்து மிரட்டுவதைவிட, வானம் தோண்டும்போது வந்து வழிகாட்டுவது அரசுக்கும் அழகு, மக்களுக்கும் நலம்.

உழைக்கத் தெரிந்தவனுக்குக் கட்டவும் தெரியும். நல்ல இடத்தை அரசு காட்டட்டும். வீட்டை அவன் கட்டிக் கொள்வான்.