பெயரை இழந்து மீட்ட ஊர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல்கள் வருகின்றன. கப்பல் நிற்கும் பகல் பொழுதில் பயணிகள் பலர் பஸ் ஏறி ஓர் ஊரைப் பார்க்கப் போவார்கள். அதன் பெயர் ஹான்டார்ஃப். அடிலெய்டு நகரிலிருந்து சுமார் 28 கி.மீ. தூரத்தில், மலைப்பகுதியில் இருக்கிறது.

ஆங்கிலம் பேசும் நாட்டில் ஜெர்மன் பெயரா? கதையைக் கேளுங்கள்.

தாம் சொல்லும் முறையில்தான் எல்லாரும் வழிபட வேண்டும் என்று பிரஷ்ய நாட்டு மன்னர் கட்டளையிட்டார். அதை ஏற்க மறுத்த லுத்தரன் கிறிஸ்தவர்கள் சிலர், 'ஜீப்ரா' (வரிக்குதிரை!) என்ற கப்பலில் ஏறி, 1838 டிசம்பர் இறுதியில் இங்கு வந்து சேர்ந்தார்கள். கப்பல் தலைவர் டிர்க் ஹான், இறக்கிவிட்டதோடு தம் வேலை முடிந்தது என்று போய்விடவில்லை. அவர்கள் குடியேற நிலமும் ஏற்பாடு செய்து கொடுத்தார். நன்றி மறக்காத மக்கள், 1839-ல் உருவான ஊருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 'டார்ஃப்' என்றால் ஜெர்மன் மொழியில் கிராமம். ஹானின் கிராமம்!

அவ்வூர்ப் பெண்கள் காய்கறி, வெண்ணெய், முட்டைக் கூடைகளைச் சுமந்து, இரவில் நடந்தே அடிலெய்டு போய் விற்றார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடானது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 69 ஜெர்மன் ஊர்ப் பெயர்களை மாற்ற 1917-ல் சட்டம் வந்தது. ஹான்டார்ஃப், 'ஆம்பிள்சைடு' ஆனது. எங்கோ நடந்த சண்டைக்கு, பாடுபட்டு வளர்த்த ஊரின் பெயர் பறிபோனது! 1935-ல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது.

உங்கள் ஊருக்குப் பெயர் எப்படி வந்தது? தாத்தா, பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்களேன்!