வெக்டருக்குள் நடந்த பெயர்ச் சண்டை

சி பிளஸ் பிளஸில் 'காட்டு' என்ற ஒரே பெயரில் எத்தனை ஃபங்ஷன் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். கொடுக்கும் மதிப்பு எந்த வகை என்று பார்த்து, எதை ஓட்டுவது என்று கம்பைலரே முடிவுசெய்யும். இது ஓவர்லோடிங். டெம்ப்ளேட் வேறு ரகம்: எந்த வகை வந்தாலும் அதற்கென்று ஒரு ஃபங்ஷனை அந்த இடத்திலேயே உருவாக்கிக்கொள்ளும். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டும் ஒரே பெயரில் எதிரெதிரே நின்றால்?

சாதாரண ஃபங்ஷனுக்குத்தான் முன்னுரிமை என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதி உண்மை. டபுள் வாங்கும் சாதாரண 'காட்டு' ஒன்றும் டெம்ப்ளேட் 'காட்டு' ஒன்றும் இருக்கட்டும். காட்டு(5.0) என்றால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், அந்தச் சமநிலையில் மட்டும் சாதாரண ஃபங்ஷன் ஜெயிக்கும். காட்டு(5) என்று எழுதுங்கள். 5 என்பது இன்ட். சாதாரண ஃபங்ஷனுக்கு அதை டபுளாக மாற்றியாக வேண்டும், டெம்ப்ளேட்டுக்கு எந்த மாற்றமும் வேண்டாம். டெம்ப்ளேட்தான் ஓடும், அதுவும் சத்தமில்லாமல்.

இந்த விதி மொழியின் சொந்த நூலகத்தையே சிக்கவைத்தது. பத்து இடம், ஒவ்வொன்றிலும் ஐந்து என்று நினைத்து, அந்த நூலகத்தில் உள்ள வெக்டர் என்ற பட்டியலை (10, 5) என்று உருவாக்குகிறோம். எண்ணிக்கையும் மதிப்பும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அதன் எண்ணிக்கை குறியில்லா முழு எண். 10-ஐ மாற்ற வேண்டும். பக்கத்திலேயே, தொடக்கம்-முடிவு என இரண்டு இட்டரேட்டர்களை (இடம் காட்டிகளை) வாங்கும் டெம்ப்ளேட் கன்ஸ்ட்ரக்டர். 10, 5 இரண்டும் ஒரே வகை என்பதால் அதற்கு இவை அப்படியே பொருந்திவிடுகின்றன. 10 என்ற எண்ணை இட்டரேட்டராக நினைத்து அதன் வழியே மதிப்பை எடுக்கப் போனால் கம்பைல் ஆகாது.

சி பிளஸ் பிளஸின் 1998 தரநிலை இதற்கு ஒட்டுப்போட்டது: வந்தவை முழு எண்களானால் எண்ணிக்கை, மதிப்பு என்றே கொள்ள வேண்டும். 2011-இல் இன்னும் நேரான வழி வந்தது: இட்டரேட்டர் அல்லாதது வந்தால் அந்த டெம்ப்ளேட் போட்டியிலேயே இருக்காது. 2020-இல் வந்த கான்செப்ட்கள் இத்தகைய நிபந்தனையை நிரலிலேயே வெளிப்படையாக எழுத வழிசெய்தன. மற்றதெல்லாம் சமமாக இருந்தால், கூடுதல் நிபந்தனை உள்ள டெம்ப்ளேட் வெல்லும்.

எந்த வழியிலும் ஒன்று முந்தாவிட்டால் கம்பைலர் பிழைச்செய்தி போட்டுக் கையை விரித்துவிடும். எனக்கென்னவோ அந்தப் பிழைச்செய்தியே மேல். ஜிசிசி என்ற கம்பைலர், போட்டியில் இருந்த ஃபங்ஷன்களை வரி எண்ணோடு அடுக்கிக் காட்டும். காட்டு(5) அந்த உதவியைக்கூடச் செய்வதில்லை. தவறான ஃபங்ஷன் ஓடியது வெளியீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.