ஒற்றை நாற்று நடவு: கூடுதல் மகசூல் முறையாலா, தண்ணீராலா?

வாலாஜாபாத் அருகேயுள்ள தென்னேரி போன்ற பெரிய ஏரிப் பாசனங்களில் மதகை ஒட்டிய வயலுக்கு வேண்டியபோது நீர் பாயும். கடைமடையில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். திருந்திய நெல் சாகுபடியிலோ 14 நாள் நாற்றை ஒற்றையாகச் சதுர நடவு செய்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டி, கோனோ வீடரை உருட்ட வேண்டியுள்ளது. எனவே நீர் வசதியுள்ளவர்களே இம்முறையை முதலில் கைக்கொள்கின்றனர்.

கணக்கு தவறுவது இங்குதான். ஒரு பேச்சுக்கு, இம்முறையில் நட்டவர்கள் ஏக்கருக்கு 30 மூட்டையும் மற்றவர்கள் 22 மூட்டையும் கண்டதாகக் கொள்வோம். நட்டவர்கள் பழைய முறையிலேயே 27 மூட்டை கண்டிருப்பார்கள் எனில், முறையின் பங்கு 3 மூட்டைதான். மீதி 5 மூட்டை தண்ணீர் தந்தது. 8 மூட்டையை நம்பிக் கடைமடை உழவர் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வார்.

ஒரே உழவரின் வயலில் இரு முறைகளையும் அருகருகே நட்டுப் பார்ப்பதே நல்ல வழி. 2003-04இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர்களின் வயல்களில் இவ்வாறு ஒப்பிட்டதில், ஹெக்டேருக்குச் சராசரியாகப் புதிய முறையில் 7,227 கிலோவும் வழக்கமான முறையில் 5,657 கிலோவும் கிடைத்தன.

ஊர்தோறும் திடல் அமைக்க இயலாதபோது, பல்லாயிரம் உழவர்களின் சாகுபடிப் பதிவுகளிலிருந்து தானே கற்கும் 'நரம்பு வலை' என்ற கணிப்பொறி முறை உதவுகிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட 'டிராகன்நெட்' என்ற வலைக்கு மூன்று தலைகள். ஒன்று, இந்த வயலில் பழைய முறையில் எவ்வளவு விளையும் என்று கணிக்கிறது. அடுத்தது புதிய முறைக்குக் கணிக்கிறது. மூன்றாவது, இத்தகைய உழவர் புதிய முறையை மேற்கொள்ளும் வாய்ப்பைக் கணிக்கிறது. மூன்றாம் தலை இருப்பதால், முறையைத் தேர்ந்தெடுக்கக் காரணமான நீர் வசதி போன்றவற்றை வலை விட்டுவிடுவதில்லை. முதல் இரண்டு கணிப்புகளின் வித்தியாசமே முறையின் பங்கு.

ஆனால் ஏட்டில் ஏறாததைக் கணிப்பொறி அறியாது. தொழுஉரம் இட்டது பதிவாகவில்லையெனில், அதன் பலனும் நடவு முறையின் கணக்கில் சேரும். கடைமடையில் ஒருவர்கூட இம்முறையில் நடவில்லையென்றால், அங்கு வலை சொல்வது வெறும் ஊகமே. சில நூறு பதிவுகளுக்கு வலையே வேண்டாம். ஒத்த வயல்களை இணைத்து ஒப்பிட்டாலே போதும்.

களப்பணியாளர்கள் மகசூலுடன் மதகிலிருந்து வயலின் தூரம், கிணற்று வசதி, நட்ட தேதி, இட்ட உரம் ஆகியவற்றையும் குறித்தல் அவசியம். கடைமடை உழவர்கள் முதலில் 20 சென்ட் நிலத்தை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் எந்த முறை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்து நட்டு, அறுவடையில் நெல்லைத் தனித்தனியே எடை போட்டுப் பார்க்கலாம்.